சிறிய ஹைப்ரிட் வால்வு ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரை நாமே கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் அனைத்தும் ஒரே சுற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். அதில் ஒரு 12ஏயு7 வால்வும் (வெற்றிடக் குழாய்; ஒரே கண்ணாடிக்குள் சேனலுக்கு ஒன்றாக இரு பாதிகள்), சேனலுக்கு ஒன்று வீதம் இரண்டு ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டுகளும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் மூன்று எல்எம்317 ஐசிகளும் இருக்கின்றன. மின்தடைகளையும் மின்தேக்கிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் உள்ளங்கை அகலப் பலகையில் அடங்கிவிடும். மல்டிமீட்டரில் மின்னழுத்தம் அளக்கவும் சுத்தமாகச் சால்டர் செய்யவும் தெரிந்தவர் எவரும் இதைக் கட்டலாம்.

ஹைப்ரிட் என்று சொல்வது எதனால்? வால்வு எந்த வேலையைச் செய்கிறது?

ஹெட்ஃபோனை ஒலிக்கவைக்க இரண்டு தேவைகள் உண்டு. வந்து சேரும் சிறிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்க வேண்டும். அந்த மின்னழுத்தம் சரியாமல் சில பத்து மில்லிஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவும் வேண்டும். முதல் வேலையை வால்வு நன்றாகச் செய்யும். இரண்டாவது வேலை, குறிப்பாகக் குறைந்த மின்னழுத்தத்தில், அதற்கு இயலாத ஒன்று. ஏனெனில் இந்தச் சுற்றில் 12ஏயு7-இன் ஒவ்வொரு பாதியிலும் ஓடும் மின்னோட்டம் ஒரு மில்லிஆம்பியரின் சிறு பங்குதான். ஆகவே மின்னழுத்தப் பெருக்கத்தை வால்வும், மின்னோட்டத்தை மாஸ்ஃபெட்டும் பிரித்துக்கொள்கின்றன. மாஸ்ஃபெட் மின்னழுத்தத்தைப் பெருக்குவதே இல்லை. ‘கேட்’ என்ற உள்ளீட்டுக் காலில் வந்த அலையை அப்படியே ‘சோர்ஸ்’ என்ற வெளியீட்டுக் காலில் ஒப்படைக்கிறது, பின்னால் பலம் மட்டும் சேர்கிறது. இந்த வேலைப் பிரிவைப் புரிந்துகொண்டால், கீழே வரும் மற்ற விடைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

இந்த ஏற்பாடு புதியதும் அன்று. 1950-களின் பிற்பகுதியில் வந்த கார் ரேடியோக்களில் 12 வோல்ட் பேட்டரியிலேயே நேரடியாக இயங்கும் வால்வுகள் முன்நிலைகளில் இருந்தன. ஸ்பீக்கரை இயக்க ஒரு ஜெர்மேனியம் பவர் டிரான்சிஸ்டர் இருந்தது. பேட்டரி மின்னழுத்தத்தை உயர்த்தித் தந்த அதிர்வுக் கருவியும் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் அதன்பின் தேவைப்படாமல் போயின. நாம் கட்டுவது அதே சிந்தனையின் வழித்தோன்றல்தான்.

வால்வுக்கு 200, 300 வோல்ட் வேண்டாமா? 24 வோல்ட்டில் அது உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது, ஆனால் அதன் தகவல் தாளில் அச்சிடப்பட்ட நிலையில் அன்று. வால்வுக்குள் ஹீட்டர் கேத்தோடைச் சூடாக்குகிறது; அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பிளேட்டைச் சேர்கின்றன; இடையிலுள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 12ஏயு7-இன் தகவல் தாள் 100 வோல்ட் பிளேட் மின்னழுத்தத்துக்கும் 250 வோல்ட்டுக்கும் தான் எண்களைத் தருகிறது: 100 வோல்ட்டில், கிரிட் பூச்சியத்தில் இருக்கையில், 11.8 மில்லிஆம்பியர். பிளேட் மின்னழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் அதைவிட வேகமாகக் குறைகிறது. 12 வோல்ட்டுக்கு வரும்போது கிரிட் பூச்சியத்தில் இருந்தாலும் ஏறத்தாழ அரை மில்லிஆம்பியர்தான் மிஞ்சும். கிரிட் சற்று எதிர்மின் பக்கம் நகர்ந்தால் அதுவும் பாதிக்குக் கீழே போய்விடும்.

இதனால் விளையும் இழப்புகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளேட் நிலையின் வெளியீட்டுத் தடை பல கிலோ ஓம்களாக உயர்கிறது. உள்ளீட்டு அலை பெரிதானால் கிரிட் மின்னோட்டம் எளிதில் தொடங்கிவிடுகிறது. திரிபும் (அலையின் வடிவம் மாறிப்போவது) உயர் மின்னழுத்தச் சுற்றைவிட அதிகம். ஹெட்ஃபோனுக்கு வேண்டியதோ ஓரிரு வோல்ட் மட்டுமே. அந்த எல்லைக்குள் வால்வு ஒழுங்காக நடந்துகொள்கிறது; கை தவறிப் பட்டாலும் உயிருக்கு ஆபத்து இல்லாத மின்னழுத்தத்தில் வால்வுச் சுற்றைக் கற்றுக்கொள்ள முடிகிறது. முதன்முறை கட்டுபவருக்கு இந்த இரண்டாவது நன்மை எல்லாவற்றையும்விடப் பெரியது என்றே நான் கருதுகிறேன்.

12ஏயு7-க்குப் பதிலாக வேறு வால்வு போடலாமா?

ஐரோப்பியப் பெயரான இசிசி82 என்று அச்சிட்டிருந்தால் அது இதே வால்வுதான், தயக்கமின்றிப் போடலாம். 12ஏடி7, 12ஏஎக்ஸ்7 ஆகியவற்றின் காலமைப்பும் ஹீட்டரும் இதையே ஒத்திருப்பதால் சாக்கெட்டில் பொருந்தும், எதுவும் எரிந்துவிடாது. ஆனால் 12ஏஎக்ஸ்7 இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தையே தருவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. முதலாவது 5814ஏ. இது 12ஏயு7-இன் உறுதியான வகை என்று விற்கப்பட்டாலும் இதன் ஹீட்டருக்கு 12.6 வோல்ட்டில் 150-க்குப் பதிலாக 175 மில்லிஆம்பியர் வேண்டும். நம் சுற்று ஹீட்டருக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுப்பதால், இந்த வால்வு போதிய சூடு ஏறாமல் நிற்கும். இரண்டாவது இசிசி88, அதாவது 6டிஜே8. அதே ஒன்பது கால் சாக்கெட்டில் நுழையுமென்றாலும் அதன் ஹீட்டர் 6.3 வோல்ட், 365 மில்லிஆம்பியர். ஒன்பதாவது கால் ஹீட்டரின் நடுமுனை அன்று, உள் மறைப்பு. அதைப் போட வேண்டுமானால் ஹீட்டர் பகுதியையே மாற்ற வேண்டும்.

இசிசி86 என்ற வால்வு கார் ரேடியோவுக்காக, குறைந்த பிளேட் மின்னழுத்தத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அது கையில் இருப்பவர் தமது அடுத்த சுற்றை அதைச் சுற்றியே அமைக்கலாம்.

சுற்றின் பாதையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விளக்க முடியுமா?

ஒரு சேனலை மட்டும் சொல்கிறேன். மற்றது இதன் பிரதி. உள்ளீட்டு ஜாக்கிலிருந்து ஒலி 50 கிலோ ஓம் லாகரிதமிக் வால்யூம் கன்ட்ரோலுக்கு வருகிறது. அதன் நடுக்காலிலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி, அதன்பின் கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், கிரிட் காலை ஒட்டி 1 கிலோ ஓம். கேத்தோடு நேரடியாகக் கிரவுண்டில் இருக்கிறது. கேத்தோடு மின்தடை இல்லாமல் கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களில் சில கிரிட்டில் விழுகின்றன. அவை 1 மெகா ஓம் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்த மிகச் சிறிய மின்னோட்டமே கிரிட்டை ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக, எதிர்மின் பக்கம் நிறுத்திவிடுகிறது. வால்யூம் கன்ட்ரோலுக்கும் கிரிட்டுக்கும் இடையே மின்தேக்கி இருப்பதும் இதற்காகவே: அது இல்லையென்றால் அந்த மின்னோட்டம் கன்ட்ரோல் வழியாக ஓடி, திருகும்போதெல்லாம் கரகரப்பு கேட்கும்.

பிளேட்டுக்கு 10 கிலோ ஓம் மின்தடையும் அதனுடன் தொடராக 100 கிலோ ஓம் பிரீசெட்டும் (திருகி மாற்றக்கூடிய சிறு மின்தடை) சுமையாக அமைகின்றன. இந்த மின்னழுத்தத்தில் ஒரு வால்வுக்கும் இன்னொன்றுக்கும், ஏன், ஒரே வால்வின் இரு பாதிகளுக்கும்கூட வேறுபாடு அதிகம் என்பதால் நிலையான மின்தடையை எழுதித் தருவது பொருந்தாது. பிரீசெட்டைத் திருகிப் பிளேட்டை 12 வோல்ட்டை ஒட்டி நிறுத்த வேண்டும். இந்த நிலையின் பெருக்கம் வால்வைப் பொறுத்து 8 முதல் 15 மடங்கு வரை அமையும்.

பிளேட்டிலிருந்து 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குப் போகிறது. கேட்டை 470 கிலோ ஓம் மேலேயும் 1 மெகா ஓம் கீழேயும் இருந்து 16 வோல்ட்டில் நிறுத்துகின்றன. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 4 வோல்ட் இறங்குவதால் சோர்ஸ் 12 வோல்ட்டில், அதாவது 24-இன் சரிபாதியில் வந்து நிற்கும்; அலை மேலும் கீழும் அசைய இடம் கிடைக்கும். கேட் காலுக்கு மிக அருகில், சில மில்லிமீட்டர் தொலைவிலேயே, 220 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்று காவலாக இருக்கட்டும். ஐஆர்எஃப்510-இன் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

சோர்ஸிலிருந்து கிரவுண்டுக்கு வெறும் மின்தடை வைப்பதற்குப் பதிலாக எல்எம்317-ஐ நிலை மின்னோட்டக் கருவியாக வைக்கிறோம். அதன் உள்ளீட்டுக் கால் சோர்ஸிலும், வெளியீட்டுக் கால் 10 ஓம் மின்தடையின் ஒரு முனையிலும், சரிசெய்யும் கால் அந்த மின்தடையின் மறு முனையிலும் கிரவுண்டிலும் இணைகின்றன. அந்த ஐசி 10 ஓமின் குறுக்கே எப்போதும் 1.25 வோல்ட்டைப் பேணும். ஆகவே எப்போதும் 125 மில்லிஆம்பியர் ஓடும். கடைசியாக 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, நேர்முனை சோர்ஸ் பக்கம். அதன் மறுபுறத்திலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். அங்கிருந்து ஹெட்ஃபோன் ஜாக்.

பிளேட்டுக்கும் கேட்டுக்கும் செல்லும் 24 வோல்ட்டை மட்டும், ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக, 1 கிலோ ஓம் மின்தடையும் 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வழியாக வடிகட்டி அனுப்ப வேண்டும். அங்கே ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் அரை வோல்ட்கூட இழப்பதில்லை; அமைதியோ வெகுவாகக் கூடுகிறது.

இன்னும் பெரிய மாஸ்ஃபெட் போட்டால் ஒலி பலமாகுமா?

ஆகாது, உச்ச ஒலிகள் மங்கத்தான் செய்யும். பல கிலோ ஓம் தடையுள்ள பிளேட்தான் கேட்டின் உள்மின்தேக்கத்தை ஒவ்வொரு அலைக்கும் நிரப்பிக் காலி செய்ய வேண்டும். ஐஆர்எஃப்510-இன் உள்ளீட்டு மின்தேக்கம் ஏறத்தாழ 180 பிக்கோஃபாரட். ஐஆர்எஃப்540-க்கு அது ஏறக்குறைய பத்து மடங்கு. சோர்ஸ் கேட்டை அப்படியே பின்தொடரும் இந்த ஃபாலோயர் இணைப்பில் அதன் ஒரு பகுதிதான் பிளேட்டுக்குச் சுமையாகத் தெரியும் என்றாலும், பெரிய மாஸ்ஃபெட்டுடன் அலைவெண் எல்லை நாம் கேட்கும் எல்லைக்கு அருகே வந்துவிடும். இங்கே பாயும் 125 மில்லிஆம்பியருக்கு 5 ஆம்பியர் தாங்கும் ஐஆர்எஃப்510 தாராளம்.

இது ஏன் இவ்வளவு சூடாகிறது?

பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது கிளாஸ்-ஏ முறையில் முழு மின்னோட்டத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரு சேனலுக்கும் 250, ஹீட்டருக்கு 150, மொத்தம் 400 மில்லிஆம்பியர். 24 வோல்ட்டில் அது 9.6 வாட். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் 1.5 வாட், அதன்கீழ் உள்ள எல்எம்317-உம் ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை வெளியிடுகின்றன. ஹீட்சிங்க் (வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாத ஐஆர்எஃப்510 ஒரு வாட்டுக்கு 62 பாகை உயரும் என்கிறது அதன் தகவல் தாள். அப்படியானால் அறை வெப்பத்துக்கு மேல் 90 பாகைக்கும் அதிகம். ஹீட்சிங்க் கட்டாயம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நான்கையும் ஒரே அலுமினிய ஹீட்சிங்கில் திருகலாம், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐஆர்எஃப்510-இன் உலோக முதுகு அதன் எஞ்சிய காலான டிரெயினுடன், அதாவது 24 வோல்ட்டுடன் இணைந்தது. எல்எம்317-இன் முதுகு அதன் வெளியீட்டுக் காலுடன் இணைந்தது. இடையில் மைக்கா அல்லது சிலிக்கோன் தகடும், திருகுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் இல்லாவிட்டால் ஹீட்சிங்கே ஷார்ட் ஆகிவிடும். திருகி முடித்ததும், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே, ஒவ்வொரு முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்ய வேண்டும்.

எந்த மாதிரி பவர் சப்ளை தேவை?

மெயின்ஸிலிருந்து முழுமையாகப் பிரிக்கப்பட்ட, மூடிய உறையுள்ள, 24 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். மெயின்ஸ் பக்கத்தை நாமே கட்டும் எண்ணத்தை இந்த முதல் முயற்சியில் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்தேக்கி மூலம் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்றுகளை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. காதில் அணியும் கருவி மெயின்ஸுடன் தொடர்பு கொண்டுவிடும்.

ஸ்விட்சிங் அடாப்டரின் இரைச்சல் பெரும்பாலும் காதுக்கு எட்டாத அலைவெண்ணில் இருந்தாலும், அது வால்வில் கலந்து கேட்கும் எல்லைக்குள் வேறு வடிவில் இறங்கக்கூடும். உள்ளே நுழையும் இடத்திலேயே 1 ஆம்பியர் தாங்கும் 100 மைக்ரோஹென்றி சுருளும் அதன்பின் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால் அநேகமாக அந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

ஹீட்டருக்கு ஏன் தனியாக ஒரு எல்எம்317?

12ஏயு7-இன் நான்காம், ஐந்தாம் கால்களுக்கு இடையே 12.6 வோல்ட், 150 மில்லிஆம்பியர் வேண்டும். எல்எம்317-ஐ 8.2 ஓம் மின்தடையுடன் மின்னோட்டக் கருவியாக இணைத்தால் 152 மில்லிஆம்பியர் கிடைக்கும். எஞ்சிய மின்னழுத்தத்தை ஐசி விழுங்கிக்கொள்ளும். குளிர்ந்த ஹீட்டரின் தடை மிகக் குறைவு என்பதால் சாதாரண இணைப்பில் தொடக்கத்தில் பெரும் மின்னோட்டம் பாயும். இந்த ஏற்பாட்டில் அது நிகழாது. இந்த ஐசியும் ஒன்றரை வாட் வெப்பம் தருவதால் ஹீட்சிங்கில் இதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். 7812 வைத்து 12 வோல்ட் கொடுத்தாலும் தவறில்லை; 12.6-இலிருந்து அது ஐந்து சதவீதத்துக்குள்தான் விலகுகிறது.

பிசிபி (அச்சிட்ட சுற்றுப் பலகை) அவசியமா?

இல்லை. துளைப் பலகையிலோ டேக் ஸ்ட்ரிப்பிலோ கட்டலாம். சாக்கெட்டுக்குச் சால்டர் வைக்கும்போது பழுதான வால்வு ஒன்றைச் செருகி வைத்தால் கால்கள் வளைந்து நிற்காது.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது எந்த வரிசையில் சோதிப்பது?

கட்டி முடித்த மகிழ்ச்சியில் வால்வைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டி, சுவிட்சைப் போடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் மிக விலையுயர்ந்த அவசரம். ஒவ்வொரு நிலையையும் தனியாக அளந்து, அது சரியென்றால் மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும்.

வால்வு இல்லாமல், ஹெட்ஃபோன் இல்லாமல் தொடங்குங்கள். சுருளுக்குப் பின்னால் 24 வோல்ட் இருக்கிறதா? இருந்தால், ஒவ்வொரு சேனலின் 10 ஓம் மின்தடையின் இரு முனைகளிலும் மீட்டரின் முனைகளை வையுங்கள். 1.25 வோல்ட் காட்டினால் 125 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். மாஸ்ஃபெட்டும் அதன்கீழ் உள்ள எல்எம்317-உம் சரியாக இணைக்கப்பட்டுள்ளன என்பதை இந்த ஒரே அளவீடு சொல்லிவிடுகிறது. பூச்சியம் காட்டினால் கேட்டில் மின்னழுத்தம் வரவில்லை, அல்லது கால்கள் இடம் மாறியிருக்கின்றன. ஐஆர்எஃப்510-இன் முகத்தைப் பார்த்தால் இடமிருந்து வலமாக கேட், டிரெயின், சோர்ஸ் என்றும், எல்எம்317-இல் சரிசெய்யும் கால், வெளியீடு, உள்ளீடு என்றும் வரிசை அமையும். அடுத்து சோர்ஸை அளக்க வேண்டும். 11 முதல் 13 வோல்ட்டுக்குள் இருந்தால் போதும். மிகவும் விலகினால் 470 கிலோ ஓமைச் சற்று மாற்றலாம். கேட்டை நேரடியாக அளக்க முற்பட வேண்டாம்; அங்குள்ள மின்தடைகள் பெரியவை என்பதால் மீட்டரே அந்த மின்னழுத்தத்தை இழுத்துத் தாழ்த்திக் காட்டும்.

இதன்பின் மின்சாரத்தை நிறுத்தி, வால்வைச் செருகி, மீண்டும் கொடுங்கள். அரை நிமிடத்துக்குள் ஹீட்டரின் மெல்லிய செம்மஞ்சள் ஒளி தெரிய வேண்டும். நான்காம், ஐந்தாம் கால்களுக்கு இடையே 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். முதலாவது பிளேட் ஒன்றாம் கால், இரண்டாவது ஆறாம் கால். வால்வு சூடேறுவதற்கு முன் இவை 24 வோல்ட்டை ஒட்டி நிற்கும், பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கும். மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே வால்வுக்குள் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கியதை நேரில் காண்பதுதான். கால் மணி நேரம் விட்டுப் பிரீசெட்டுகளால் இரண்டையும் 12 வோல்ட்டில் நிறுத்துங்கள்.

கடைசியாக ஜாக்கில், கிரவுண்டுக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் இடையே நேர்மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வோல்ட் கணக்கில் காட்டினால் வெளியீட்டு மின்தேக்கி கசிகிறது, அல்லது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. இதுவும் சரியென்றால், இழந்தாலும் வருந்தாத ஒரு பழைய ஹெட்ஃபோனால் முதலில் கேளுங்கள்.

சுவிட்ச் போட்டதும் வரும் ‘டொப்’ சத்தம் ஹெட்ஃபோனைக் கெடுக்குமா?

கெடுக்கக்கூடும். வெளியீட்டு மின்தேக்கி பூச்சியத்திலிருந்து 12 வோல்ட் வரை நிரம்ப வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் அந்த மின்னோட்டம் அதன் சுருள் வழியாகவே பாயும். ஜாக்கில் இருக்கும் 1 கிலோ ஓம், ஹெட்ஃபோன் இல்லாதபோது அந்த வேலையைச் சில வினாடிகளில் முடித்துவிடுகிறது. ஆகவே சுவிட்ச் போட்டு ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள். அணைப்பதற்கு முன் கழற்றுங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதென்று நினைப்பவர்கள் அரை நிமிடம் தாமதித்து இணைக்கும் ரிலே ஒன்றைச் சேர்ப்பது நல்லது.

எந்த ஹெட்ஃபோனுக்கு இது பொருந்தும்?

32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 125 மில்லிஆம்பியர் உச்ச மின்னோட்டம் என்றால் 4 வோல்ட் உச்சம், அதாவது கால் வாட்; காது தாங்கும் அளவைவிட அது மிகவும் அதிகம். 300 ஓமில் மின்னோட்டம் பிரச்சினையே இல்லை. வால்வின் அலை எல்லைதான் தடை. அங்கே 5 வோல்ட் உச்சம் என்று கொண்டால் 40 மில்லிவாட்டை ஒட்டி வரும். பெரும்பாலான 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்கு அது போதுமானது.

சிக்கல் எதிர்த்திசையில்தான் எழும். மிகுந்த உணர்திறன் உள்ள இன்-இயர் வகைகளில் வால்வின் மெல்லிய இரைச்சல் கேட்கும். ஃபாலோயரின் வெளியீட்டுத் தடை சில ஓம்கள் இருப்பதால், அலைவெண்ணுக்கு ஏற்பத் தடை ஏறி இறங்கும் பல டிரைவர் வகைகளின் ஒலிச் சமநிலையும் மாறும். அவற்றுக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் ஏற்றதன்று. சாதாரண 32 ஓம் ஹெட்ஃபோனிலும் வால்யூம் கன்ட்ரோலைச் சற்றுத் திருகியதுமே ஒலி மிகுந்துவிடும். அந்த ஆரம்பப் பகுதியில் இடம், வலம் இரண்டும் சமமாக நகராது. கன்ட்ரோலுக்கு முன் ஒவ்வொரு சேனலிலும் 100 கிலோ ஓம் தொடராகச் சேர்த்தால் உள்ளீடு மூன்றில் ஒன்றாகக் குறைந்து, கன்ட்ரோலின் நடுப்பகுதி பயன்பாட்டுக்கு வரும்.

ரீங்காரமோ இரைச்சலோ கேட்டால் எங்கிருந்து தேடுவது?

முதலில் வால்யூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் மறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது: உள்ளீட்டு வயரின் ஷீல்டு விட்டிருக்கலாம், அல்லது கணினியோடு இணைக்கும்போது இரண்டு அடாப்டர்களுக்கும் இடையே கிரவுண்டு வளையம் உருவாகியிருக்கலாம். பேட்டரியில் இயங்கும் ஒலிமூலத்தை மாற்றி இணைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

வால்யூம் பூச்சியத்திலும் சத்தம் நீடித்தால் கிரவுண்டு இணைப்புகளைப் பாருங்கள். ஹீட்டரின் 150 மில்லிஆம்பியரும் எல்எம்317-களின் 250 மில்லிஆம்பியரும் திரும்பிச் செல்லும் அதே வயரில் உள்ளீட்டின் கிரவுண்டையும் இணைத்திருந்தால், அந்த வயரின் சிறு தடையில் எழும் மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போய்ப் பெருகி வரும். வடிகட்டி மின்தேக்கியின் எதிர்முனையை மையமாகக் கொண்டு, ஹீட்டர், மின்னோட்டக் கருவிகள், வால்வின் கேத்தோடுகள், உள்ளீடு, ஜாக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுக்க வேண்டும். உலோகப் பெட்டியானால் ஜாக்கின் உடல் பெட்டியைத் தொடாத வகையாக இருக்கட்டும். பெட்டி ஒரே இடத்தில் மட்டும் கிரவுண்டைச் சேரட்டும்.

இன்னொரு வகைக் கோளாறு மனத்தைக் குழப்பக்கூடியது. ஒலி கரடுமுரடாக இருக்கும், ஒரு மாஸ்ஃபெட் மற்றதைவிடச் சூடாகும், வயர் அருகே விரலைக் கொண்டுபோனால் மீட்டரின் எண்கள் மாறும். சில சமயம் வானொலி நிலையம் ஒன்றே கேட்கும். இது மாஸ்ஃபெட் மெகாஹெர்ட்ஸ் அளவில் தானாக அலைவதன் அடையாளம். 220 ஓம் மின்தடை கேட் காலிலிருந்து விலகி வயரின் மறுமுனையில் இருந்தால் இதுதான் நடக்கும். அதைக் காலோடு ஒட்டி வைத்து, டிரெயினுக்கு அருகில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் கிரவுண்டுக்கு இணைத்தால் அடங்கிவிடும்.

வால்வை விரலால் தட்டினால் மணி போல் ஒலிப்பது பழுதன்று. உள்ளிருக்கும் கிரிட் கம்பிகள் அதிர்வதுதான் அது. ஓரளவு எல்லா வால்விலும் உண்டு. தானாகவே ஒலித்துக்கொண்டிருந்தால் வால்வை மாற்றுங்கள், அல்லது சாக்கெட் உள்ள பலகையை ரப்பர் வாஷர்களின் மேல் பொருத்துங்கள்.

இவ்வளவு செய்தபின் ஒலி உண்மையிலேயே மேலானதா?

அளவீட்டில் நல்ல ஆப்-ஆம்ப் (பெருக்கம் செய்யும் ஐசி) ஒன்று இதை எளிதில் வென்றுவிடும். திரிபு குறைவு, இரைச்சல் குறைவு, சூடும் இல்லை. இந்தச் சுற்றில் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பித் திரிபைக் குறைப்பது) கிடையாது. வால்வு சேர்க்கும் திரிபில் இரண்டாம் ஹார்மோனிக்கே (இரட்டிப்பு அலைவெண்) மேலோங்கி நிற்கிறது, அது மூல ஒலிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் இசையோடு உறுத்தாமல் கலக்கிறது. அடங்கிய ஒலியளவில் குரலும் தந்தி வாத்தியங்களும் சற்று நிறைந்து கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த விருப்பம் என்னுடையது, அதை அளவீட்டு உண்மையாக நான் முன்வைக்கவில்லை. இரண்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சற்றே உரத்த ஒலி எப்போதும் நல்ல ஒலியாகவே தோன்றும் என்பதால், மீட்டர் வைத்துச் சமப்படுத்தாத ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

மின்தேக்கிகளில் எதற்குச் செலவிடுவது பயன் தரும்?

பிளேட்டுக்கும் கேட்டுக்கும் இடையிலுள்ளது நல்ல பாலிப்ரொப்பிலீன் வகையாக இருந்தால் போதும். வெளியீட்டு மின்தேக்கி 25 வோல்ட்டுக்குக் குறையாமலும், 105 பாகை வகையாகவும் இருக்க வேண்டும். அது ஹீட்சிங்கை ஒட்டி நிற்கக் கூடாது. 1000 மைக்ரோஃபாரட் 32 ஓமுடன் 5 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 470 போட்டால் 10 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும், அதுவும் குறையன்று. பெயருக்காக விற்கப்படும் உறுப்புகளைவிட, அதே பணத்தில் பெரிய ஹீட்சிங்க் ஒன்று இந்த ஆம்ப்ளிஃபயரின் ஆயுளை நீட்டிக்கும்.

வால்வை எப்போது மாற்ற வேண்டும்?

இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் அது பல ஆண்டுகள் உழைக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிளேட் மின்னழுத்தத்தை அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மின்னோட்டம் சரியாக இருந்தும் பிளேட் 12 வோல்ட்டிலிருந்து தொடர்ந்து மேலேறி, பிரீசெட்டை முழுவதும் திருகினாலும் இறங்க மறுத்தால் கேத்தோடு தளர்ந்துவிட்டது என்று பொருள். புதிய வால்வைச் செருகியதும் கால் மணி நேரம் சூடேறவிட்டு, இரு பிரீசெட்டுகளையும் மீண்டும் சரிசெய்தபின் ஹெட்ஃபோனை மாட்டுங்கள்.